தோட்ட வாரியமும் நகரத்துப் பசியும்
உத்திரமேரூர்க் கல்வெட்டு தரும் ஒரு பாடம்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது குடவோலை முறை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தியைப் பள்ளிப் பாடநூல்கள் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். ஆயின் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் எப்பணியினைச் செய்தற்பொருட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்னும் வினாவைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. அப்பணிகளுள் ஒன்று தோட்டம் பேணுதல்.

நகரங்களில் காய்கறி வாங்க வசதியற்ற குடும்பங்களுக்காகப் பொதுத் தோட்டங்கள் அமைத்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று உலகின் பல பகுதிகளிலும் வலியுறுத்தப்படுகின்றது. கருத்து நல்லதே. அதற்கு நிதி எங்கிருந்து வரும், வந்த நிதி எவ்வாறு நிலைக்கும் என்பவையே கடினமான வினாக்கள். அவற்றிற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் அக்காலத்து அறக்கொடை மரபும் தரும் விடையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கல்வெட்டு கூறுவது

காஞ்சி மாநகருக்குத் தெற்கே அமைந்துள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக 30 பேர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள்கள்.

இவ்வமைப்பில் ஆழ்ந்து நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, தோட்டத்திற்கும் ஏரிக்கும் தனித்தனி வாரியங்கள் இருந்தும், அவை ஒரே குடவோலையிலிருந்து, ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்பட்டன. நீரைப் பற்றி எண்ணாது தோட்டத்தைப் பற்றி எண்ணுதல் இயலாது என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். இரண்டாவது, சம்வத்சர வாரியத்திற்கு உரியோர், முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களும், அறிவிலும் வயதிலும் முதிர்ந்தவர்களும் ஆவர் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. ஊர்ப் பொறுப்பின் உயர்நிலைக்குச் செல்லும் வழி தோட்டத்தின் வழியாகவும் ஏரிக்கரையின் வழியாகவும் சென்றது. இக்காலத்தில் தோட்டம் என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்காகவோ அலங்காரமாகவோ கருதப்படுகின்றது. அவ்வூரில் அது நிருவாகப் பயிற்சிக் களமாகக் கருதப்பட்டது.

2. நகரத்துப் பசியின் இயல்பு

பசி என்னும் சொல் ஒன்றே. அதன் வடிவங்கள் பல. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகின்றது. 1956இல் காமராசர் ஆட்சிக்காலத்தில் விரிவுபெறத் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோற்றை உறுதி செய்தன. ஆகவே இங்கு வயிற்றை நிரப்பும் சோறு பெரும்பாலும் கிடைக்கின்றது. அச்சோற்றின் அருகே இருக்க வேண்டிய கீரையும் காயும் கிடைப்பது உறுதியன்று.

2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினரும், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எனினும் நாள்தோறும் உண்ணும் உணவில் கீரை, காய், கனி குறைவாக இருத்தல் அவற்றுள் ஒன்றாகும். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கூலியை நம்பி வாழும் நகரக் குடும்பத்திற்கு இவ்வளவு எளிதில் எட்டுவதன்று. வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் குறையமாட்டா. குறைக்கக் கூடியது காய்கறிச் செலவு ஒன்றே. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது, சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்ததை நினைவிற் கொள்க.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். பொதுத் தோட்டம் நெல்லை விளைவிக்காது. பருப்பையும் போதிய அளவு தராது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு ஏறத்தாழ 5 சென்ட் நிலம் வேண்டும் என்பது வேளாண்மைக் கல்வியில் கூறப்படும் அளவு. நகரில் அவ்வளவு நிலம் ஒரு குடும்பத்திற்குக் கிடைப்பது அரிது. ஆயினும் குடும்பத்திற்கு ஒரு சென்ட் வீதம் கிடைத்தால், ஏறத்தாழ 435 சதுர அடியில், விதைத்த ஒரு மாதத்திற்குள் பறிக்கத் தக்க தண்டுக்கீரையும் சிறுகீரையும் முறைவைத்து விளைவிக்கலாம். வேலியோரம் முருங்கை வைக்கலாம். பந்தலில் அவரையும் புடலையும் ஏற்றலாம். முழு உணவு அன்று. ஆயினும் குறைந்துள்ள பகுதியை நிறைவு செய்யும் உணவு. இதற்கு மேல் தோட்டத்தின் பயனை மிகைப்படுத்திக் கூறுதல் அத்திட்டத்திற்கே தீங்காகும்.

3. தொடங்கும் செலவும் தொடரும் செலவும்

தமிழக அரசு 2013ஆம் ஆண்டில் சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டத் தளைகளைப் பாதி மானியத்தில் வழங்கத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்று, மாடித் தோட்டத் தளைகளும் விதைத் தளைகளும் மானிய விலையில் வழங்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் மாடித் தோட்டம் அமைக்க முதலில் மாடி வேண்டும். ஓரறை வாடகை வீட்டிலும் கால்வாய் ஓரக் குடிசையிலும் வாழ்வோர்க்கு மாடி உரிமை ஏது? அவர்களுக்கு வேண்டுவது பலர் கூடிப் பயிரிடும் பொது நிலம்.

மேலும் ஒன்று. பை, விதை, நார்க்கழிவு ஆகியன தோட்டத்தைத் தொடங்கும் செலவு. பை வெயிலில் நைந்துவிடும், மண் சத்திழக்கும், கோடையில் நீருக்குப் பணம் கொடுக்க நேரும், வேலியில் ஆடு நுழையும். இவை தொடரும் செலவு. நன்கொடையாளர்கள் முதலாவதையே விரும்பி அளிப்பர்; திறப்பு விழாவும் கல்வெட்டுப் பலகையும் அதற்குத்தான் உண்டு. மூன்றாம் ஆண்டின் சித்திரை மாதத்தில் தண்ணீர் வண்டிக்குப் பணம் கொடுப்பவருக்கு மாலை இடுவார் இலர். ஆனால் தோட்டம் வாழ்வதும் அழிவதும் அம்மாதத்தில்தான்.

இச்சிக்கலை நம் முன்னோர் மூன்று வழிகளில் தீர்த்தனர்.

நிலக்கொடை: கோயிலுக்கு நந்தவனம் அமைத்தோர் பூஞ்செடிகளை மட்டும் வைத்துவிட்டுச் செல்லவில்லை. அதனைப் பேணுவோரின் வாழ்க்கைக்கென வேறொரு விளைநிலத்தையும் அளித்தனர். அதற்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். ஏரியைப் பராமரித்தற்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. சமணப் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்ட பள்ளிச்சந்தம் என்னும் இறையிலி நிலம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. இவையனைத்திலும் காணப்படும் நெறி ஒன்றே: ஓர் அறத்தை நிறுவுவோர், அவ்வறத்தைத் தாங்கும் மற்றொரு வருவாயையும் உடன் நிறுவ வேண்டும்.

பொன்கொடை: பொன்னை ஊர்ச்சபையிடம் முதலாக வைத்து, அதன் வட்டியாகிய பொலிசையைக் கொண்டு குறிப்பிட்ட பணியை ஆண்டுதோறும் செய்யுமாறு ஒப்பந்தம் செய்தனர். முதல் கைவைக்கப்படாது.

கால்நடைக்கொடை: நந்தா விளக்கு ஒன்றிற்கு 96 ஆடுகள் அளிக்கப்பட்டதனைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடுகள் என்று பெயர். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் ஈனும் குட்டிகளால் எண்ணிக்கை ஈடுசெய்யப்படும். ஆகவே கணக்கில் எப்போதும் 96 ஆடுகள் இருக்கும். முதல் என்பது தானே நிலைத்து நிற்பதன்று, இடையறாது ஈடுசெய்யப்பட்டால்தான் நிலைத்து நிற்கும் என்னும் பொருளியல் உண்மையை இச்சொல் விளக்குகின்றது.

4. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

20 குடும்பங்கள் 20 சென்ட் பொது நிலத்தில் தோட்டம் அமைப்பதாகக் கொள்வோம். நல்லோர் சிலர் கூடி 2,00,000 ரூபாய் வழங்க முன்வருகின்றனர். அதனை முழுவதும் முதலாண்டிலேயே வேலிக்கும் விதைக்கும் செலவிட்டால், அடுத்த ஆண்டு மீண்டும் கை நீட்ட வேண்டும். மாறாக அதனை வங்கியில் வைப்புத் தொகையாக இட்டு, நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி எனக் கொண்டால், ஆண்டுக்கு 14,000 ரூபாய் கிடைக்கும். விலைவாசி உயர்வால் பணத்தின் மதிப்புக் குறையுமாதலின், வட்டியில் நான்கில் ஒரு பங்காகிய 3,500 ரூபாயை முதலுடன் சேர்த்துவிடுதல் வேண்டும். இதுவே பேராட்டின் குட்டி. எஞ்சுவது 10,500 ரூபாய். குடும்பத்திற்கு மாதம் 30 ரூபாய் வீதம் 20 குடும்பங்களும் அளித்தால் ஆண்டுக்கு 7,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 17,700 ரூபாய் நீருக்கும் விதைக்கும் வேலிக்கும் உண்டு.

முதலைத் தொடாது வேலி போடுதற்கும் முதல் விதை வாங்குதற்கும் அரசின் மானியத்தையோ உழைப்புக் கொடையையோ நாடலாம். நாள்தோறும் நீர் பாய்ச்சும் காவலருக்கு ஊதியம் அளிக்க மேற்கண்ட தொகை போதாது. ஆகவே நந்தவனப்புறத்தின் நெறியைப் பின்பற்றி, நான்கில் ஒரு பாத்தியின் விளைச்சலை அவருக்கென ஒதுக்கலாம். கணக்கு இடத்திற்கு இடம் மாறும்; நெறி மாறாது.

ஒருநாள் அன்னதானம் அளிப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டா. இன்று பசித்தவனுக்கு இன்று உணவு வேண்டும். அவனிடம் வட்டிக் கணக்குக் கூறுதல் அறமாகாது. ஆயினும் திருமண நாளிலும் நினைவு நாளிலும் நாம் செலவிடும் தொகையில் ஒரு பகுதி முதலாக மாறுமாயின், அந்நாள் கடந்த பின்னரும் உணவுக்கொடை தொடரும்.

5. நில உறுதி

நிதியைக் காட்டிலும் முதன்மையானது நிலத்தின் மீதுள்ள உரிமை. 1894ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வேலையின்மை பெருகியபோது, நகரத் தலைவர் ஹேசன் பிங்கிரி, வெற்று மனைகளை ஏழைக் குடும்பங்கள் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடுமாறு திறந்துவிட்டார். பசி தணிந்தது, பிற நகரங்களும் பின்பற்றின. ஆனால் அந்நிலங்கள் இரவலாகக் கிடைத்தவை. தொழில் சீரடைந்தபின் அவை வேறு பயன்களுக்குச் சென்றன.

1970களில் நியூயார்க் நகரில் குப்பைமேடாகக் கிடந்த மனைகளை அக்கம்பக்கத்து மக்கள் தம் உழைப்பால் தோட்டங்களாக்கினர். 1999ஆம் ஆண்டு நகர நிருவாகம் அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏலத்தில் விற்க முற்பட்டது. இரு அறநிறுவனங்கள் முன்வந்து, 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கிக் காத்தன. மக்கள் உழைப்பால் உருவான தோட்டத்தை, அதே மக்களுக்காகப் பணங்கொடுத்து மீட்க வேண்டிய நிலை வந்தது. தொடக்கத்திலேயே நிலத்திற்கு எழுத்துறுதி இருந்திருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது.

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும் என்னும் விதி உள்ளது. பள்ளி வளாகங்களும், அறநிறுவனங்களுக்குரிய வெற்றிடங்களும் உள்ளன. இவற்றில் தோட்டம் அமைப்பதாயின், வாய்மொழி இசைவு போதாது. எத்தனை ஆண்டுகள், எப்பயனுக்கு, நீர் எங்கிருந்து என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். நகர மண்ணில் கட்டட இடிபாடும் தொழிற்சாலைக் கழிவும் கலந்திருக்கக் கூடுமாதலின், விதைக்கும் முன் மண்ணையும் நீரையும் ஆய்வுக்கு அனுப்புதலும் இன்றியமையாதது. நஞ்சு கலந்த கீரையை ஏழைக்கு அளித்தல் கொடையாகாது.

6. கணக்கு ஒப்புவித்தல்

உத்திரமேரூர்க் கல்வெட்டின் மிகக் கடுமையான பகுதி கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் உரியர் அல்லர். கணக்கு எழுதுவோர் நேர்மையான வழியில் பொருளீட்டியவராக இருத்தல் வேண்டும். தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்புவிக்க வேண்டும். முடிப்பதற்கு வேறொரு கணக்கரைப் புகுத்தலாகாது. கணக்குத் தூயது என்று ஏற்கப்பட்ட பின்னரே அவர் மீண்டும் அப்பணிக்கு வரலாம். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வரலாகாது.

உறவினரையும் விலக்கும் விதியை இன்று அப்படியே மேற்கொள்ளுதல் நேர்மையன்று. எனினும் அதன் உட்கருத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுப்பணத்தை ஒருவர் மறைத்தால் பயன் அவர் வீட்டார் அனைவரையும் சேரும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர். பொதுத் தோட்டங்களில் பகை மூள்வது பெரும்பாலும் விளைச்சல் குறைவால் அன்று. யார் எவ்வளவு எடுத்தனர், எவ்வளவு செலவாயிற்று என்பது தெரியாமையால் ஆகும். ஆகவே பறித்த கீரைக் கட்டின் எண்ணிக்கை முதல் தண்ணீர் வண்டியின் சீட்டு வரை ஒரு பேரேட்டில் எழுதி, பருவந்தோறும் அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படித்தல் வேண்டும். எழுத்தறியாதவரும் கேட்டு அறிவதற்கு உரக்கப் படித்தலே வழி.

7. கொள்ளத்தகாத ஒன்று

பழம்பெருமை பேசுவோர் மறைத்துவிடும் ஒரு செய்தியையும் இங்குக் கூறுதல் கடமை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை அந்தணர் சபை. குடவோலையில் பெயர் இடம்பெற, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வேதத்தில் மிக்க புலமை உடையவர்க்கு மட்டும் நில அளவு அரைக்கால் வேலியாகத் தளர்த்தப்பட்டது. வயது 35க்கு மேல், 70க்குள். வயலில் உழுதவருக்கும், நாற்று நட்ட பெண்டிருக்கும், ஏரியில் தூர் சுமந்தவருக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

இன்றைய பொதுத் தோட்டத்தில் இதனைத் தலைகீழாக்குதல் வேண்டும். நிலமில்லாதவரும் சொந்த வீடில்லாதவரும் யாரோ, அவர்களுக்காகவே இத்தோட்டம். அவர்களுடைய ஓலைதான் முதலில் குடத்தில் விழ வேண்டும். நன்கொடை அளித்தவர் ஆலோசனை கூறலாம். எந்தக் கீரையை விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை உண்பவரே முடிவு செய்தல் வேண்டும். பெண்டிர் சரிபாதியேனும் குழுவில் இருத்தல் நலம். வீட்டில் உலை வைப்பவருக்குத்தான் குறைவு எது என்பது தெரியும்.

முடிவுரை

நிலத்திற்கு எழுத்துறுதி, நீருக்குத் தனிப் பொறுப்பு, அழியா முதல், அனைவரும் கேட்கும் கணக்கு, உண்பவர் கையில் நிருவாகம் என்னும் ஐந்தும் அமைந்த பொதுத் தோட்டம் நிலைக்கும். இவற்றுள் ஒன்று குறையினும் அது ஓரிரு ஆண்டுகளில் முட்புதராகும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர், தன் தோட்டத்திற்கு 12 பேரையும், ஏரிக்கு 6 பேரையும் பொறுப்பாக்கி, அவ்விதியைக் கல்லில் வெட்டி வைத்தது. அக்கல்லைக் கண்டு வியப்பதோடு நில்லாது, நம் ஊரிலும் நகரிலும் கிடக்கும் வெற்றிடம் ஒன்றையேனும் இந்நெறியில் விளைநிலமாக்க முயல்வோமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியோர் சம்வத்சர வாரியத்திற்கு உரியர் என்னும் விதியின் நோக்கம் யாது?

2. தொடங்கும் செலவு, தொடரும் செலவு இவற்றை வேறுபடுத்தி, உமக்குத் தெரிந்த ஒரு பொதுப்பணியைக் கொண்டு விளக்குக.

3. சாவா மூவாப் பேராடு என்னும் சொல்லின் பொருளை இக்கால வைப்பு நிதியோடு ஒப்பிடுக.

4. உம் தெருவில் அல்லது ஊரில் பயன்படாது கிடக்கும் பொது நிலம் யாது? அதன் உரிமை யாரிடம் உள்ளது, நீர் எங்கிருந்து கிடைக்கும் என்பவற்றை வினவி எழுதுக.

5. நன்கொடையாளர், பயன்பெறுவோர் ஆகிய இருவருள் தோட்டக் குழுவில் மிகுந்த இடம் பெறத்தக்கவர் யார்? காரணம் கூறுக.